உள்ளே நோய் வந்தால் வெளியே யாருக்கு வேலை? டாக்டரிடம் கேளுங்கள்

போன இதழில் காசநோய் பற்றி எழுதும்போது சிறைகளைப் பற்றி இரண்டு வரி போட்டிருந்தேன். அவ்வளவுதான், கடிதங்கள் வந்துகொண்டே இருக்கின்றன. இந்த ஊரில் இத்தனை வீடுகளில் ஒருவர் உள்ளே இருக்கிறார், அல்லது உள்ளே வேலை பார்க்கிறார். எல்லாரும் பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்கள், நியாயம்தான். பேட்டையின் பெயரை மட்டும் போடுகிறேன். எந்தச் சிறை என்பதையும் கடிதங்களிலிருந்து எடுத்துவிட்டேன்.

ஒரு தாய், வியாசர்பாடி: டாக்டர் அம்மா, என் மகன் விசாரணைக் கைதியாக உள்ளே இருக்கிறான். போன வாரம் மனு பார்க்க, அதாவது அவனை நேரில் சந்திக்கப் போனபோது, அவன் பிளாக்கில் அம்மை போட்டிருக்கிறது, மூன்று வாரத்துக்கு மனு கிடையாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அவனுக்கும் கொப்புளம் வந்து தனி செல்லில் வைத்திருப்பதாக வக்கீல் சொல்கிறார். ஒரு தப்பும் செய்யாதவனை ஏன் தனி செல்லில் போட வேண்டும்? வேப்பிலை கொடுத்தனுப்பலாமா? மருமகள் ஐந்து மாசம் முழுகாமல் இருக்கிறாள், அவனைப் பார்க்கத் துடிக்கிறாள்.

அம்மா, முதலில் மருமகள் விஷயம். அவருக்குச் சின்ன வயதில் அம்மை வந்திருக்கிறதா என்று அவருடைய அம்மாவிடம் கேளுங்கள். வரவில்லை, தடுப்பூசியும் போடவில்லை என்றால் இப்போதைக்குச் சிறைப் பக்கமே போக வேண்டாம். உங்கள் மகனுக்குக் கொப்புளம் வருவதற்கு ஒன்றிரண்டு நாள் முன்னால் அவர் போய்ப் பக்கத்தில் நின்று பேசியிருந்தால், பிரசவம் பார்க்கும் டாக்டரிடம் இன்றைக்கே சொல்லுங்கள். கர்ப்பமாக இருக்கும்போது அம்மை வந்து நுரையீரலைப் பிடித்துக்கொண்டால் சிக்கல்.

மூன்று வாரம் என்று சும்மா சொல்லவில்லை. அம்மைக் கிருமி உடம்பில் நுழைந்து கொப்புளமாகத் தெரிய 10 முதல் 21 நாள் வரை ஆகும், அதிலும் கொப்புளம் தெரிவதற்கு ஒன்றிரண்டு நாள் முன்னாலேயே அந்த ஆள் மற்றவர்களுக்குப் பரப்ப ஆரம்பித்திருப்பார், அதனால் ஒருவரைக் கண்டுபிடிக்கும்போது பக்கத்தில் பாய் போட்டுப் படுத்தவர்கள் எல்லாரும் அந்தக் காற்றைச் சுவாசித்து முடித்திருப்பார்கள். ஆகவே கடைசியாக வந்த ஆளிலிருந்து 21 நாள் எண்ண வேண்டும். நடுவில் இன்னொருவருக்கு வந்தால் எண்ணிக்கை முதலிலிருந்து ஆரம்பமாகும். ஆனால் நேரில் பார்ப்பதை நிறுத்துகிறார்கள் என்றால் போன் பேசும் நேரத்தைக் கூட்ட வேண்டும், வீடியோ காலுக்கு வழி செய்ய வேண்டும். கொரோனா சமயத்தில் செய்தார்கள் அல்லவா, இப்போதும் செய்யலாம். கண்காணிப்பாளருக்கு ஒரு மனு எழுதிக் கேளுங்கள். எழுத யாரும் இல்லை என்றால் 15100 என்ற எண்ணில் சட்டப் பணிகள் ஆணைக்குழுவைக் கூப்பிடுங்கள், காசு கிடையாது.

இனி அந்தத் தனி செல். கொப்புளம் எல்லாம் காய்ந்து பொருக்குத் தட்டும்வரை, சுமார் ஒரு வாரம், மற்றவர்களிடமிருந்து அவரைப் பிரித்து வைக்கத்தான் வேண்டும். அதில் தவறில்லை. ஆனால் எங்கே பிரித்து வைக்கிறார்கள் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. காற்று வரும் அறையா, நாளுக்கு ஒரு தடவையாவது டாக்டர் வந்து பார்க்கிறாரா, மற்றவர்களுக்குக் கிடைக்கும் அதே சாப்பாடும் போனும் அவருக்கும் உண்டா? இல்லை, சண்டை போட்டவனை அடைக்கிற அதே செல்லில் தள்ளிப் பூட்டிவிட்டார்களா? இரண்டாவது வகை என்றால் உங்கள் பையனுக்கு மட்டும் கஷ்டமில்லை. "கொப்புளத்தைக் காட்டினால் செல்லில் போட்டுவிடுவார்கள்" என்ற பேச்சு பிளாக் முழுக்க ஒரு மணி நேரத்தில் பரவிவிடும், அடுத்த ஆள் முழுக்கைச் சட்டையைப் போட்டுக்கொண்டு கமுக்கமாகப் படுத்திருப்பான், நோய் அவனிடமிருந்து இன்னும் பத்துப் பேருக்குப் போகும். தனிமைப்படுத்துவது தண்டனை போலத் தெரிந்தால் யாரும் நோயைச் சொல்ல மாட்டார்கள்.

வேப்பிலை கொடுங்கள், உள்ளே விட்டால் சந்தோஷம், அதனால் கெடுதல் ஒன்றும் இல்லை. கூடவே வக்கீல் மூலம் ஒன்று கேட்டுச் சொல்லச் சொல்லுங்கள்: அம்மைக் கிருமியை அடக்கும் அசைக்ளோவிர் மாத்திரை ஆரம்பித்தார்களா? பெரியவர்களுக்கு வரும் அம்மை குழந்தைகளுக்கு வருவதைவிடக் கடுமையானது. கொப்புளம் தெரிந்த முதல் 24 மணி நேரத்துக்குள் கொடுத்தால் நல்ல பலன் உண்டு. மூச்சு வாங்குகிறது, பேச்சு குழறுகிறது என்றால் வெளி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயே ஆக வேண்டும். ஆஸ்பிரின் மட்டும் வேண்டவே வேண்டாம்.

ஒரு வாசகர், அண்ணா நகர்: கொலை, கஞ்சா என்று உள்ளே போனவர்களுக்கு நம் வரிப்பணத்தில் எக்ஸ்ரே, பரிசோதனை, சத்துணவு எல்லாம் தேவையா? சிறைக்குள் டாக்டர் இருக்கிறாரே, போதாதா? வெளியில் இருக்கும் ஏழைக்கே ஆஸ்பத்திரியில் இடம் இல்லை.

சார், உங்கள் கோபம் புரிகிறது, கணக்குதான் புரியவில்லை. 2022 கடைசியில் இந்தியச் சிறைகளில் இருந்தவர்கள் 5,73,220 பேர். இருந்த இடமோ 4,36,266 பேருக்கு. அதில் 75.8 சதவீதம் விசாரணைக் கைதிகள், அதாவது குற்றவாளி என்று எந்த நீதிமன்றமும் இன்னும் சொல்லாதவர்கள். வாரக்கணக்கிலோ மாதக்கணக்கிலோ இருந்துவிட்டு ஜாமீனில் உங்கள் தெருவுக்குத்தான் திரும்பி வருவார்கள். தமிழ்நாட்டுச் சிறைகளை மொத்தமாகப் பார்த்தால் அந்த அளவு நெரிசல் இல்லை என்பது நம் அதிர்ஷ்டம்.

பழைய கதை ஒன்று சொல்கிறேன். 1750இல் லண்டன் ஓல்டு பெய்லி நீதிமன்றத்தில், பக்கத்திலிருந்த நியூகேட் சிறையிலிருந்து கைதிகளைக் கூட்டிவந்து ஒரு நெருக்கடியான அறையில் அடைத்து விசாரணை நடத்தினார்கள். சில வாரங்களில் லண்டன் மேயர், இரண்டு நீதிபதிகள், வக்கீல்கள், ஜூரிகள் என்று ஐம்பதுக்கு மேற்பட்டவர்கள் செத்துப்போனார்கள். 'ஜெயில் காய்ச்சல்' என்று அதற்குப் பெயர். இன்றைக்கு டைஃபஸ் என்கிறோம். நாற்றம்தான் காரணம் என்று நினைத்து நீதிமன்றத்தில் வாசனைப் பூவும் மூலிகையும் வைத்தார்கள் (அந்த நீதிமன்றத்து நீதிபதிகள் இன்றும் சில நாட்களில் பூங்கொத்தோடு வருவது அதன் மிச்சம்), சிறைக் கூரையில் காற்றாடி போட்டார்கள். உண்மையில் பரப்பியது உடம்பில் ஒட்டும் பேன். அதைக் கண்டுபிடிக்க 1909 ஆனது. குளிக்கத் தண்ணீரும் மாற்றுத் துணியும் கொடுத்திருந்தால் மேயர் பிழைத்திருப்பார்.

வார்டர் தினமும் வீட்டுக்குப் போகிறார், வக்கீல் வந்து போகிறார், கோர்ட்டுக்குக் கூட்டிப்போகும் வேனில் நாலு சிறைக்காரர்கள் ஒன்றாக உட்கார்ந்து வருகிறார்கள். சுவர் ஆளைத்தான் நிறுத்தும். 2019இல் மட்டும் உலகச் சிறைகளில் சுமார் 1,25,000 பேருக்குக் காசநோய் வந்ததாக ஒரு மதிப்பீடு, அதில் கிட்டத்தட்ட பாதி கண்டுபிடிக்கப்படவே இல்லை. கண்டுபிடிக்காத பாதி எங்கே போகும்? அப்புறம், உள்ளே டாக்டர் இருக்கிறாரே என்கிறீர்கள். 300 பேருக்கு ஒரு டாக்டர் என்பது நம் நாட்டில் வைத்திருக்கும் அளவுகோல். அந்த ஒருவர்தான் சர்க்கரை, நெஞ்சுவலி, பல்வலி, கைகலப்புக் காயம், கோர்ட்டுக்குப் போகும் சான்றிதழ் எல்லாம் பார்க்கிறார். தொற்று பரவும்போது யாருக்கு எப்போது ஆரம்பித்தது என்று வரைபடம் போட அவருக்கு நேரமும் கிடையாது, அது அவருடைய படிப்பும் கிடையாது. அதற்கு வேறு ஆட்கள் இருக்கிறார்கள், அவர்களை உள்ளே விட வேண்டும் என்பதுதான் கேள்வியே.

ஒரு இல்லத்தரசி, அம்பத்தூர்: என் கணவர் சிறைக் காவலர். மூன்று வாரமாக இருமுகிறார், சாயங்காலமானால் லேசாகக் காய்ச்சல். "டூட்டியில் தூசி, அதுதான்" என்கிறார். வீட்டில் நாலு வயதிலும் ஒன்பது வயதிலும் குழந்தைகள். பயமாக இருக்கிறது, சொன்னால் திட்டுகிறார்.

திட்டட்டும்மா. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் என்றாலே சளிப் பரிசோதனை செய்ய வேண்டும், அவர் தூசியில் வேலை செய்தாலும் சரி, ஏ.சி.யில் வேலை செய்தாலும் சரி. நாளைக் காலை பக்கத்து நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போகச் சொல்லுங்கள். சளியும் எக்ஸ்ரேவும் இலவசம். காசநோய் என்று வந்தால் ஆறு மாத மாத்திரை, அதுவும் இலவசம், சாப்பாட்டுக்கு மாதம் 1,000 ரூபாயும் வங்கிக் கணக்கில் வரும். சரியான மருந்து ஆரம்பித்து இரண்டு வாரம் போல ஆனால் பெரும்பாலும் பரப்புவது நின்றுவிடும். நோய் உறுதியானால் வீட்டில் எல்லாரையும் பரிசோதிக்க வேண்டும். நோய் இல்லாவிட்டாலும் வராமல் தடுக்க மாத்திரை உண்டு, குறிப்பாக அந்த நாலு வயதுக் குழந்தைக்கு அதை விட்டுவிடாதீர்கள். அதுவரை ஜன்னலைத் திறந்து வையுங்கள், அவர் தனியாகப் படுக்கட்டும்.

எனக்கு நீண்ட நாள் ஆதங்கம் ஒன்று உண்டு, இங்கே கொட்டிவிடுகிறேன். சிறையில் காசநோய் முகாம் என்று நடத்துகிறார்கள், சிறைவாசிகளை வரிசையாக உட்காரவைத்துச் சோதிக்கிறார்கள், துப்பாக்கியோடும் தடியோடும் பக்கத்தில் நிற்கிற காவலரை யாரும் கேட்பதில்லை. அவரும் அதே காற்றைத்தான் எட்டு மணி நேரம் சுவாசிக்கிறார். 1991இல் நியூயார்க் மாநிலச் சிறைகளில் மருந்துக்குக் கட்டுப்படாத காசநோய் பரவியபோது கைதிகளோடு ஒரு காவலரும் செத்தார், அதற்கப்புறம்தான் அங்கே பலர் விழித்துக்கொண்டார்கள். 1992இல் நியூயார்க் நகரத்தில் மட்டும் 3,811 காசநோயாளிகள். அவர்கள் என்ன செய்தார்கள் என்றால், ரைக்கர்ஸ் தீவுச் சிறையிலேயே காற்று வெளியே கசியாத தனி அறைகள் கட்டினார்கள், நகர சுகாதாரத் துறை ஆட்கள் தெருத் தெருவாகப் போய் மாத்திரையைக் கண்ணெதிரே விழுங்க வைத்தார்கள், விடுதலையானவரையும் விடாமல் தேடிப் பிடித்தார்கள். சில வருடங்களில் எண்ணிக்கை இறங்கியது.

நர்ஸிங் மாணவி, தாம்பரம்: "சிறைத்துறையும் சுகாதாரத்துறையும் இணைந்து" என்று செய்தி வருகிறது, முகாம் போட்டோவும் வருகிறது. இணைந்து என்றால் உண்மையில் யார் என்ன செய்வார்கள், டாக்டர்?

முகாம் போட்டோவை வைத்து எடை போடாதே மா. ஒரு நாள் பேனர் கட்டி பிரஷரும் சுகரும் பார்த்துவிட்டு வருவதும் நல்ல காரியம்தான், ஆனால் நோய் பரவும்போது அது உதவாது. நான் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: ராத்திரி ஒன்பது மணிக்கு ஒரு பிளாக்கில் எட்டுப் பேருக்கு வயிற்றுப்போக்கு என்றால், சிறை டாக்டர் யாருக்குப் போன் போடுவார்? அவருடைய போனில் மாநகராட்சி சுகாதார அலுவலரின் நம்பர் இருக்கிறதா? அவர் கிளம்பி வந்தால் வாசலில் நிற்க வைக்காமல் உள்ளே விடுவார்களா?

அந்த எட்டுப் பேரையே எடுத்துக்கொள். உள்ளே இருக்கும் டாக்டரும் நர்ஸும் செய்ய வேண்டியது ஓ.ஆர்.எஸ்., டிரிப்ஸ், ரொம்ப வாடியவர்களை ஆஸ்பத்திரிக்கு அனுப்புவது. அதே நேரத்தில் வெளியிலிருந்து வரும் சுகாதார ஆய்வாளர் பிளாக் பிளாக்காகக் குழாயில் தண்ணீர் பிடித்து, குளோரோஸ்கோப் குப்பியில் இரண்டு சொட்டு விட்டு மஞ்சள் நிறம் வருகிறதா என்று பார்ப்பார். வரவில்லை என்றால் அந்தத் தொட்டியில் குளோரின் இல்லை, பைப் எங்கே உடைந்திருக்கிறது, கழிவுநீர் எங்கே கலக்கிறது என்று தேட வேண்டும். தண்ணீரும் மலமும் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட் போன்ற ஆய்வகத்துக்குப் போகும். இன்னொருவர் ஒரு பட்டியல் போடுவார்: பெயர், பிளாக், எத்தனை மணிக்கு ஆரம்பித்தது, முந்தைய நாள் என்ன சாப்பிட்டார், எந்தக் குழாயில் குடித்தார். இந்தப் பட்டியல்தான் முக்கால்வாசி வேலை. அதைப் போட்டால், ஆறு பேர் ஒரே தொட்டித் தண்ணீர் குடித்தவர்கள் என்றோ, எல்லாரும் ஒரே வேளைச் சோறு சாப்பிட்டவர்கள் என்றோ தெரிந்துவிடும்.

அப்புறம் சமையல்கட்டு. சிறைச் சமையலில் வேலை பார்ப்பவர்களும் சிறைவாசிகள்தான், அதற்குக் கூலி உண்டு, கொஞ்சம் சுதந்திரமும் உண்டு. வயிறு சரியில்லை என்று சொன்னால் அந்த வேலை போய்விடும் என்று தெரிந்தால் எவன் சொல்வான்? அண்டாவில் கரண்டியைப் போட்டபடி நின்றுகொண்டிருப்பான். "உடம்பு சரியாகும்வரை லீவு, கூலி உண்டு, வேலையும் திரும்பக் கிடைக்கும்" என்று கண்காணிப்பாளர் ஒரு உத்தரவு போட்டால், எந்த மருந்தையும்விட அது அதிகம் பேரைக் காப்பாற்றும். இதை மருத்துவர் பரிந்துரைக்கலாம், போட வேண்டியவர் சிறை அதிகாரி. இணைந்து என்பதற்கு இதுதான் நடைமுறை அர்த்தம்.

அடுத்த சங்கதி வழிக்காவல். சிறைவாசியை வெளி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக ஆயுதப்படைக் காவலர்கள் வேண்டும். தலைவர் ஒருவர் ஊருக்கு வருகிறார், பந்தோபஸ்து என்றால் ஆள் கிடைக்காது. எக்ஸ்ரே அடுத்த வாரம் போகும், அதற்கடுத்த வாரம் போகும், இருமல் மட்டும் தள்ளிப்போகாது. அதனால்தான் ஆளை வெளியே கொண்டுபோவதைவிட ஆஸ்பத்திரியை உள்ளே கொண்டுவருவது மேல் என்கிறேன். கையில் தூக்கிப்போகும் எக்ஸ்ரே கருவி வந்துவிட்டது, பேட்டரியில் ஓடும் ட்ரூநாட் கருவி சளியில் காசநோய்க் கிருமி இருக்கிறதா, முக்கிய மருந்துக்கு அது அடங்குமா என்பதைச் சில மணி நேரத்தில் சொல்லிவிடும். 2024 டிசம்பரில் மத்திய அரசு ஆரம்பித்த 100 நாள் காசநோய் இயக்கத்தில் சிறைகளையும் குறிவைத்தார்கள், நல்லதுதான், ஆனால் 101ஆம் நாளும் யாராவது வர வேண்டும். புதிதாக உள்ளே வரும் ஒவ்வொருவரையும் முதல் நாளே கேட்க வேண்டும்: இருமல் உண்டா, எடை குறைந்ததா, முன்பு காசநோய் மாத்திரை சாப்பிட்டாயா, இப்போது எந்த மாத்திரை சாப்பிடுகிறாய்?

சென்னைக்கு இதில் ஒரு வசதி இருக்கிறது, வேறு பல ஊருக்குக் கிடையாது. சேத்துப்பட்டில் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம். காசநோயாளியைச் சானடோரியத்தில், அதாவது காசநோய்க்கான தனி ஆஸ்பத்திரியில், வைக்காமல் வீட்டிலேயே மருந்து கொடுத்துக் குணமாக்கலாம் என்று 1956இல் ஆரம்பித்த ஆய்வில் உலகத்துக்கே காட்டிய இடம் அது. அயப்பாக்கத்தில் தேசிய தொற்றுநோயியல் நிறுவனம் இருக்கிறது, காசநோய்ச் சாவைக் குறைக்க 2022இல் தமிழ்நாடு தொடங்கிய திட்டத்துக்கு அவர்கள்தான் துணை. உன் தாம்பரத்திலேயே சானடோரியம் ஆஸ்பத்திரி. சிறை இருக்கும் புழல் இன்று சென்னை மாநகராட்சியின் மாதவரம் மண்டலத்தில் வருகிறது. எல்லாம் ஒரு மணி நேரத் தூரம், டிராஃபிக் விட்டால். குறை தூரத்தில் இல்லை: சிறை உள்துறையின் கீழ், ஆஸ்பத்திரி சுகாதாரத்துறையின் கீழ், மாநகராட்சி இன்னொரு துறையின் கீழ். மூன்று கோப்பு மூன்று மேஜையில் இருக்கிறது.

இது நான் கண்டுபிடித்த யோசனை அல்ல. சிறைவாசிகளை எப்படி நடத்த வேண்டும் என்று ஐ.நா. 2015இல் ஏற்றுக்கொண்ட மண்டேலா விதிகளில் 24ஆவது விதி, சிறைவாசிக்கு வெளியில் கிடைக்கும் அதே தரத்தில் மருத்துவம் வேண்டும், அது பொதுச் சுகாதார நிர்வாகத்தோடு ஒட்டி நடக்க வேண்டும், உள்ளே வந்தாலும் வெளியே போனாலும் சிகிச்சை அறுபடக் கூடாது என்கிறது. 35ஆவது விதி, சாப்பாடு, தண்ணீர், காற்றோட்டம், சுத்தம் எல்லாவற்றையும் மருத்துவரோ பொதுச் சுகாதார அமைப்போ தவறாமல் வந்து பார்த்துச் சொல்ல வேண்டும் என்கிறது. நார்வே 1988இலும் பிரான்ஸ் 1994இலும் சிறை மருத்துவத்தையே சுகாதாரத்துறையிடம் ஒப்படைத்துவிட்டன, இங்கிலாந்து 2006க்குள் முடித்தது. நாமும் அப்படியே செய்ய வேண்டுமா என்றால், என் அபிப்பிராயம்: போர்டை மாற்றுவதால் மட்டும் ஒன்றும் ஆகாது. எழுத்தில் ஓர் ஒப்பந்தம், வெளியிலிருந்து ஒருவர் தினமும் படிக்கும் ஒரு நோய்ப் பதிவேடு, உள்ளே வர நிரந்தர அனுமதிச் சீட்டு வைத்திருக்கும் ஒரு குழு, இவை இருந்தால் எந்தத் துறையின் கீழ் இருந்தாலும் நடக்கும்.

ஒரு சட்டக் கல்லூரி மாணவர், திருவான்மியூர்: சிறைக்குள் நுழைந்ததும் எல்லாருக்கும் கட்டாயமாக எச்.ஐ.வி. பரிசோதனை செய்தால் பிரச்சினை தீர்ந்துவிடாதா?

தீராது தம்பி. 2017ஆம் வருடச் சட்டப்படி சம்மதம் இல்லாமல் எச்.ஐ.வி. பரிசோதனை செய்யக் கூடாது, முடிவை வெளியில் சொல்லவும் கூடாது. சிறைவாசி என்பதால் அந்த உரிமை போய்விடாது. தனியாக உட்காரவைத்துப் பேசி, "வந்தால் மருந்து இருக்கிறது, பிளாக்கில் யாருக்கும் தெரியாது" என்று நம்பும்படி சொன்னால் பெரும்பாலோர் தாமாகவே கை நீட்டுவார்கள். பிரச்சினை அந்த இரண்டாவது வாக்கியத்தில்தான். மாத்திரை வாங்கத் தனி வரிசையில் நிற்க வைத்தால் அதுவே ஊர் முழுக்க அறிவித்த மாதிரி.

ஒரு வாசகி, பெரம்பூர்: தம்பி ஜாமீனில் வந்து பத்து நாளாகிறது. உடம்பெல்லாம் சொறி, ராத்திரி தூக்கம் இல்லை. இப்போது எங்களுக்கும் அரிக்கிறது. சோப்பு மாற்றிப் பார்த்தோம்.

சோப்பு இல்லைம்மா, சிரங்கு. விரல் இடுக்கு, மணிக்கட்டு, இடுப்பு, தொடை இடுக்கில் அரித்தால், அதுவும் ராத்திரியில் அதிகமானால், தோலுக்குள் குடைந்து போகும் பூச்சிதான். முதல் தடவை வருபவருக்கு அரிப்பு ஆரம்பிக்கவே நாலு முதல் ஆறு வாரம் ஆகலாம், அதனால் அரிக்காதவரும் பூச்சியைச் சுமந்துகொண்டிருக்கலாம். பெர்மெத்ரின் கிரீமை, வீட்டில் இருக்கும் எல்லாரும், எல்லாரும் என்றால் அரிப்பு இல்லாத பாட்டியும்தான், ஒரே ராத்திரியில் கழுத்திலிருந்து கால் விரல் வரை தடவி, காலையில் குளிக்க வேண்டும். ஒரு வாரம் கழித்து இன்னொரு தடவை. கைக்குழந்தை இருந்தால் டாக்டரைக் கேட்டுத் தடவுங்கள். துணி, போர்வை, துண்டு எல்லாம் சுடுதண்ணீரில். துவைக்க முடியாததைப் பிளாஸ்டிக் பையில் கட்டி ஒரு வாரம் வைத்துவிடுங்கள், பூச்சி செத்துவிடும். அதற்கப்புறமும் இரண்டு வாரம் வரை அரிக்கலாம், பயப்படாதீர்கள்.

சிறையில் இது ஏன் ஓயவே மாட்டேன் என்கிறது என்று இப்போது புரிந்திருக்கும். சொறிகிறவனுக்கு மட்டும் ஒரு டியூப் கொடுத்து அனுப்பினால், பக்கத்துப் பாயிலிருந்து மறுவாரம் திரும்ப வரும். ஒரு பிளாக் முழுவதற்கும் ஒரே நாளில் மருந்து, ஒரே நாளில் போர்வை துவைக்கத் தண்ணீர், வெயிலில் காயப்போட இடம். அத்தனை டியூப் சிறை மருந்தகத்தில் இருக்காது, வெளியிலிருந்துதான் வர வேண்டும். யாரும் இதற்குச் சாவதில்லை என்பதால் செய்தியாகவும் வராது, ஆனால் சொறிந்து புண்ணாகிச் சீழ் பிடித்தால் சிறுநீரகம் வரை கெடும்.

ஒரு பாட்டி, கொருக்குப்பேட்டை: மகள் உள்ளே, ஒன்றரை வயதுப் பேத்தியும் அவளோடு உள்ளே. தடுப்பூசி எல்லாம் போடுவார்களா?

போட வேண்டும் பாட்டி. ஆறு வயது வரை குழந்தை தாயோடு இருக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2006இல் சொன்னபோதே குழந்தையின் உடல்நலம், தடுப்பூசி எல்லாம் அரசின் பொறுப்பு என்று ஆகிவிட்டது. ஒன்றரை வயது என்றால் தட்டம்மை-ரூபெல்லா இரண்டாவது ஊசி போடும் நேரம். வீட்டில் இருக்கும் தடுப்பூசி அட்டையை மனு பார்க்கும்போது கையோடு கொண்டுபோய்க் கொடுத்துவிடுங்கள், அது இல்லாமல்தான் எந்த ஊசி போட்டது, எது போடவில்லை என்று குழம்புகிறார்கள்.

பெயர் வேண்டாம், காசிமேடு: உள்ளே இருந்தபோது காசநோய் என்று மாத்திரை கொடுத்தார்கள். இரண்டு மாதம் சாப்பிட்டேன், நன்றாக இருந்தது. ஜாமீன் உத்தரவு சாயங்காலம் வந்து ராத்திரி வெளியே விட்டுவிட்டார்கள், மாத்திரையும் சீட்டும் கையில் இல்லை. மூன்று வாரமாக மாத்திரை இல்லை. ஆஸ்பத்திரிக்குப் போனால் எங்கிருந்து வந்தாய் என்று கேட்பார்கள், போகவில்லை.

தம்பி, இந்தக் கடிதத்தைப் படித்த பிறகு மற்றதை எல்லாம் தள்ளிவைத்தேன். நாளைக்கே போங்கள். பக்கத்தில் எந்த அரசு சுகாதார நிலையமாக இருந்தாலும் சரி, "காசநோய்க்கு மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தேன், நடுவில் விட்டுப்போச்சு" என்று சொன்னால் போதும். உங்கள் பெயரில் நிக்ஷய் என்ற கணினிப் பதிவில் ஒரு எண் இருக்கும், பெயரையும் போன் நம்பரையும் வைத்துத் தேடி எடுத்து அங்கிருந்தே சிகிச்சையைத் தொடர முடியும். மூன்று வாரம் விட்டுப்போனதால் திரும்பச் சளி எடுத்து, மருந்துக்குக் கிருமி அடங்குகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கொடுப்பார்கள், அதனால் மிச்சமிருக்கும் பழைய அட்டையை எங்காவது தேடி நீங்களாகவே ஆரம்பிக்க வேண்டாம். சிறையில் இருந்ததை டாக்டரிடம் சொல்வது நல்லது, அதுவும் அவருக்குச் சிகிச்சைக்கு உதவும் என்பதால்தான். வரிசையில் நின்று சத்தமாகச் சொல்லத் தேவையில்லை. தயக்கமாக இருந்தால் முதலில் 1800-11-6666 என்ற இலவச எண்ணில் பேசிப் பாருங்கள்.

இங்கேதான் எல்லாம் ஓட்டை விழுகிறது. உள்ளே பரிசோதனை செய்து, கண்டுபிடித்து, மாத்திரை கொடுத்து, எல்லாம் செய்துவிட்டு, விடுதலையாகும் அந்த அரை மணி நேரத்தில் கைவிடுகிறோம். ஜாமீன் உத்தரவு வந்தால் ஒரு நிமிஷம்கூட அதிகம் வைக்கக் கூடாது, அது சரிதான். ஆகவே மருந்தை முன்கூட்டியே தயாராக வைக்க வேண்டும்: காசநோய், எச்.ஐ.வி., மஞ்சள் காமாலை பி, சி, சர்க்கரை, மனநோய் என்று மாத்திரை சாப்பிடும் ஒவ்வொருவருக்கும் பெயர் எழுதிய ஒரு கவர், அதில் ஒரு மாத மாத்திரை, அவர் வீட்டுக்குப் பக்கத்துச் சுகாதார நிலையத்தின் முகவரி, ஒரு போன் நம்பர். வாசலில் கைரேகை வாங்கி, எடுத்து வைத்த செல்போனும் பர்ஸும் திருப்பிக் கொடுக்கிறார்கள் இல்லையா, அதோடு சேர்த்து இந்தக் கவரையும் கொடுத்தால் முடிந்தது. அன்று ராத்திரி டூட்டியில் இருக்கும் காவலர் செய்யக்கூடிய வேலை இது, டாக்டர் தேவையில்லை. மறுநாள் காலை சிறையிலிருந்து மாவட்டக் காசநோய் அலுவலகத்துக்கு ஒரு தகவல் போனால், அவர்கள் ஆளே உங்களைத் தேடி வருவார்.

ஒரு வழக்கறிஞர், பிராட்வே: சிறையில் தொற்று பரவுகிறது என்பதைக் காரணம் காட்டி ஜாமீன் கேட்டால் மருத்துவரீதியில் அது செல்லுபடியாகுமா? கொரோனாவோடு அந்த வாதம் முடிந்துவிட்டது என்கிறார்கள்.

சட்டத்தை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள், மருத்துவத்தை நான் சொல்கிறேன். 2020 மார்ச் 23 அன்று உச்ச நீதிமன்றம் மாநிலத்துக்கு ஓர் உயர்மட்டக் குழு போட்டு, ஏழு வருடம் வரை தண்டனை உள்ள வழக்குகளில் யாரை ஜாமீனிலோ பரோலிலோ விடலாம் என்று பார்க்கச் சொன்னது. 2021 மே மாதம் இரண்டாம் அலையிலும் அதையே திரும்பச் சொன்னது. அதன் பின்னால் இருந்த மருத்துவ நியாயம் ரொம்ப எளிமை: படுக்கைக்கும் படுக்கைக்கும் நடுவே இடம் வேண்டும், இடம் வேண்டுமென்றால் தலை குறைய வேண்டும். அது கொரோனாவுக்கு மட்டும் உரியது இல்லை, இருமலில் பரவும் எந்த நோய்க்கும் அதே கணக்குதான்.

ஆனால் "சிறையில் நோய் இருக்கிறது" என்று பொதுவாக எழுதினால் எந்த நீதிபதிக்கும் உதவாது. உங்கள் கட்சிக்காரருக்கு 60 வயதுக்கு மேலா, சர்க்கரையா, சிறுநீரகக் கோளாறா, கர்ப்பிணியா, அவர் இருக்கும் பிளாக்கில் கடைசி நோயாளி எந்தத் தேதியில் வந்தார், எத்தனை பேருக்கு எத்தனை ஜன்னல், இவற்றைக் கேட்டு எழுதுங்கள். முடிந்தால் சிறை மருத்துவரின் அறிக்கையோடு நிற்காமல் மாநகராட்சி சுகாதார அலுவலர் ஒருவர் நேரில் பார்த்து அறிக்கை தர வேண்டும் என்று மனுவிலேயே கேளுங்கள். சிறை டாக்டரைச் சந்தேகிப்பதற்காகச் சொல்லவில்லை. அவருடைய நாற்காலிக்குப் பக்கத்திலேயே கண்காணிப்பாளரின் நாற்காலியும் இருக்கிறது, வெளி ஆள் எழுதும் வரி அவருக்கும் பலம்தான். ஜாமீன் கிடைத்தால், வெளியே வரும் அன்றே பரிசோதனை, கையில் மருந்து என்ற நிபந்தனையையும் நீங்களே கேட்டு வாங்குங்கள். நோய் பரவும் பிளாக்கிலிருந்து ஒருவரை நேராக வீட்டுக்கு அனுப்பினால், வியாசர்பாடியில் ஐந்து மாதக் கர்ப்பிணி ஒருவர் கதவைத் திறக்கலாம்.

(கேள்விகளைச் சுருக்கமாக, ஒரு பக்கத்துக்குள் எழுதி அனுப்புங்கள். அடுத்த இதழில் டெங்கு.)